ஒன்றரை வயது மகள், நான்கு வயது மகன்: நான்கு நாள் கடற்கரையில் தங்க எந்த ஊர், எந்த மாதம்?

வைகைக்கரையாள், மதுரை – நவம்பர் 16

வணக்கம். எங்கள் மகனுக்கு நான்கு வயது நிறைந்துவிட்டது. மகளுக்கு வரும் மாசியில் ஒன்றரை வயது ஆகும். இவர்களோடும் என் மாமியாரோடும் கடற்கரை ஊர் ஒன்றில் நான்கு இரவு தங்கி வர விரும்புகிறோம். எந்த ஊருக்கு, எந்த மாதத்தில் போவது என்பதைச் சிறு பிள்ளைகளை வைத்திருப்பவர்களிடமும் கடலோரத்தில் வாழ்பவர்களிடமும் கேட்டு முடிவு செய்யலாம் என்று எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நாங்கள் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி, திருச்செந்தூர், இடையில் இன்னும் நான்கு இடங்கள் என்று மூன்று நாளில் சுற்றினோம். பிள்ளைகள் காரில் இருந்த நேரம்தான் மிகுதி. மகன் கடல் நீரில் கால் நனைத்தது மூன்று நாளும் சேர்த்து அரை மணி நேரம்கூட இருக்காது. கடலைப் பார்த்த அறை என்று கூடுதல் வாடகை கொடுத்து எடுத்த அறை நான்காம் மாடியில் இருந்தது. பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே மகனின் தலை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்ததால் அந்தக் கதவை ஒருமுறைகூட நாங்கள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. வீடு திரும்பிய மறுவாரம், "அம்மா, நாம் எப்போது கடலுக்குப் போவோம்?" என்று கேட்டான். நாம் போய்விட்டு வந்ததே கடலுக்குத்தான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி இன்றுவரை என் மனத்தை விட்டுப் போகவில்லை.

ஆகவே இந்த முறை ஊர் சுற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஆழம் குறைந்த நீர், உட்கார நிழல், குழந்தைக்கு ஏற்ற சாப்பாடு, அவசரத்துக்கு ஒரு மருத்துவமனை, இவ்வளவு இருந்தால் போதும். ராமேசுவரம் பக்கமா, புதுச்சேரியா, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையா என்று குழம்பி நிற்கிறோம். என் கணவருக்கு அரையாண்டு விடுமுறையிலும் மே மாதத்திலும் விடுப்பு கிடைக்கும். முன்கூட்டியே சொன்னால் வேறு எந்த வாரத்திலும் எடுக்கலாம். காற்றடைத்த டியூப் வாங்கிக்கொண்டு போகலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


நாவலூர் அப்பா, சென்னை – நவம்பர் 16

செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள கோவளம் கடற்கரையை நான் பரிந்துரைக்கிறேன். புதுச்சேரி சின்னவீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரையோடு சேர்த்து 2021ஆம் ஆண்டு அதற்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. உடை மாற்றும் அறை, கழிப்பறை, நன்னீர்க் குளியல், உயிர்காப்பாளர் ஆகியவை ஓரிடத்தில் கிடைப்பது சிறு பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை என் இரட்டைப் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது உணர்ந்தேன். மணலும் தூய்மையாக இருந்தது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே என் பிள்ளைகள் மணலில்தான் விளையாடினார்களே தவிர, அலைக்குள் அவர்களை நாங்கள் இறக்கவில்லை. அது திறந்த வங்கக் கடல். நீலக்கொடி கரையின் தூய்மைக்கும் வசதிக்கும் சான்று தருகிறது. அலையின் உயரத்தை அது குறைத்துவிடாது.


வடகடல், உச்சிப்புளி – நவம்பர் 17

சகோதரிக்கு வணக்கம். நான் உச்சிப்புளிக்கு அருகே பிறந்து வளர்ந்தவன். என் பிள்ளைகள் மூவரும் அரியமான் கடற்கரையில்தான் முதன்முதலாகக் கடலில் உட்கார்ந்தார்கள். எனவே நான் சொல்வதில் சொந்த ஊர்ப் பற்று இருக்கும். ஆனால் காரணங்களையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே எடைபோட்டுப் பாருங்கள்.

கைக்குழந்தையோடு வருபவர்கள் ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிடக் கடலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. ராமநாதபுரத்துக்குக் கிழக்கே நிலம் ஒடுங்கிக்கொண்டே போய் மண்டபத்தில் முடிகிறது. அந்த ஒடுங்கிய நிலத்துக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணைப் பக்கத்துக் கடல், தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. எங்கள் மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்பார்கள். பெண் கடல், ஆண் கடல் என்று சொல்வதும் உண்டு. வடகடலை ஒரு பக்கம் தமிழகமும், மறு பக்கம் இலங்கையும், தெற்கே ராமேசுவரம் தீவும் அதையடுத்த மணல்திட்டுகளும் வளைத்துக்கொண்டிருப்பதால் பெருங்கடலின் நெடிய அலைகள் உள்ளே வருவதில்லை. ஆழமும் மிகக் குறைவு; மிக ஆழமான இடங்களிலேயே 13 மீட்டர் அளவுதான் இருக்கும். ராமேசுவரத்துக்கு மேற்கே இந்தக் கடலின் கரையில் இருக்கும் அரியமானில், பெரியவர் ஒருவர் இடுப்பளவு நீருக்குப் போய்ச்சேர வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கும். கரையோரம் சவுக்குத் தோப்பு இருக்கிறது. நீங்கள் கேட்ட நிழல் அதுதான்.

இனி மாதத்தைப் பற்றிச் சொல்கிறேன். இது ஊரைவிட முக்கியமானது. எங்கள் கடலைக் காற்றுதான் ஆள்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசியில் வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிவிடும். பெண் கடல் என்று பெயர் பெற்ற வடகடல்தான் அப்போது கலங்கிப் பொங்கும், மழையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே அரையாண்டு விடுமுறையை விட்டுவிடுங்கள். டிசம்பரில் வந்து, கலங்கிய நீரையும் அறைச் சுவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் பலவற்றை நான் அறிவேன்.

மே மாதத்தில் நீர் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் அக்கினி நட்சத்திர வெயிலில் காலை எட்டரை மணிக்கு மேல் ஒன்றரை வயதுக் குழந்தையை வெளியே கொண்டுவர முடியாது. ஆழமில்லாத நீர் மாலையில் வெந்நீர்போல் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையும் இருப்பதால் நாட்டுப்படகில் வரும் மீன் மட்டுமே கிடைக்கும். பெரியவர்களுக்கு அது ஒரு குறைதான், பிள்ளைகளுக்கு அன்று.

டியூப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதைத் தயவுசெய்து மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கச்சான் காலத்தில் அரியமானில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலை இல்லாமல் கடல் அமைதியாகத் தோன்றுவதற்கு அதுவே காரணம். அதே காற்றுதான் டியூபையும் அதில் இருக்கும் பிள்ளையையும் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். நீர் முழங்கால் அளவே இருக்கிறது என்று தகப்பன் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்கும் வேளையில், டியூப் அவன் ஓடிப் பிடிக்க முடியாத தொலைவுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் இன்றுவரை ஒரு டியூப் வாங்கியதில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் நீரில் உட்காருங்கள். ஆழமில்லாத கடலின் பயனே அதுதான்.

என் பரிந்துரை மாசி மாதம். வாடை தணிந்துவிடும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. உங்கள் மகன் எல்.கே.ஜி. தான் படிக்கிறான் என்று நினைக்கிறேன். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாமல் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு இன்னும் ஓரிரண்டு ஆண்டுகள்தான் இருக்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மகா சிவராத்திரியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் ராமேசுவரம் நிரம்பி வழியும் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிட்டு, ஞாயிறு மாலை வந்து வியாழன் திரும்புமாறு திட்டமிடுங்கள். வார நாட்களில் கரையில் நீங்களும் சில மீனவர்களும்தான் இருப்பீர்கள்.

சில இடங்களில் கடற்புல் ஒதுங்கிக் கிடக்கும், வெயிலில் அது நாறும். அதைக் குப்பை என்று எண்ண வேண்டாம். ஆவுளியா என்று நாங்கள் அழைக்கும் கடற்பசு மேய்ந்து வாழும் புல் அது. நீர் வற்றும் நேரத்தில் கரை சேறாகத் தெரியும், ஏறும் நேரத்தில் நீர் மணல் வரை வந்து நிற்கும். "ஏற்றம் எப்போது?" என்று அங்கே நிற்கும் மீனவர் யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். பிள்ளைகளுக்குச் செருப்பு போட்டே நீரில் இறக்குங்கள், சிப்பி உள்ளங்காலைக் கிழித்துவிடும். தனுஷ்கோடியில் குளிக்க மட்டும் இறங்காதீர்கள். இரு கடலும் சேரும் அந்த முனையில் நீரோட்டம் பெரியவர்களையே இழுத்துவிடும்.

ஒரே ஒரு பயணம் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், மண்டபத்தில் ரயிலேறி ராமேசுவரம் போய் அடுத்த ரயிலில் திரும்புங்கள். 1914இல் கட்டிய பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் எழுப்பிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும். நான்கு வயதுப் பையனுக்குக் கடலின்மேல் போகும் ரயிலைவிட வேறென்ன வேண்டும்? கோயிலுக்கும் மற்ற இடங்களுக்கும் பிள்ளைகள் வளர்ந்த பிறகு வரலாம்.

அறை எடுக்கும்போது தொலைபேசியிலேயே நான்கு கேள்விகள் கேளுங்கள்: தரைத்தளமா, குழாய்த் தண்ணீர் உப்பா, மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு உண்டா, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அடுக்களையில் இடம் தருவார்களா? எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாக இருப்பதால் இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள்.


இரவுப்பணிச் செவிலி, நாகர்கோவில் – நவம்பர் 18

மேலே எழுதியவர் கடலைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் பதினான்கு ஆண்டுகளாகக் குழந்தைகள் பிரிவில் பணிபுரிகிறேன் என்பதால் குழந்தைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீரில் மூழ்கும் குழந்தை கத்தும், கையை ஆட்டும், நமக்குக் கேட்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். உண்மையில் அது சத்தமே இல்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது. மூச்சுக்குத் திணறும் குழந்தையால் கத்த முடியாது. ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தலைதான் கனமான பகுதி; கணுக்கால் அளவு நீரில் குப்புற விழுந்தாலும் அதனால் தானாக நிமிர முடியாமல் போகலாம். ஆகவே ஆழமில்லை என்ற நிம்மதியில் யாரும் பத்தடி தள்ளி உட்கார வேண்டாம். கைநீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். பெரியவர்கள் பலர் இருக்கும் குடும்பங்களில்தான் ஆபத்து அதிகம் என்பதை வேதனையோடு சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் "இப்போது நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் பொறுப்பைக் கைமாற்றுவோம். பொறுப்பில் இருப்பவர் கைப்பேசியைத் தொடுவதில்லை.

உடையின் நிறத்தையும் கவனியுங்கள். நீலமும் சாம்பலும் நீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். ஆரஞ்சு, பளிச்சென்ற இளஞ்சிவப்பு போன்றவை தெரியும். முழுக்கைச் சட்டையும் கழுத்தை மறைக்கும் தொப்பியும் இருந்தால் வெயிலுக்குப் பாதி வேலை முடிந்தது. ஆறு மாதம் கடந்த குழந்தைகளுக்கு 30க்குக் குறையாத எஸ்.பி.எஃப். உள்ள சன்ஸ்கிரீன் பூசலாம். வெளியே புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரிலிருந்து வந்த பிறகும் மறுபடி பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்காது; குளித்த பிறகு உப்பால் எரியும் தொடை இடுக்குகளுக்கு அது நல்லது. சாதாரண டயாப்பர் கடல் நீரை உறிஞ்சி ஊதிக் கனத்துவிடும் என்பதால் நீரில் இறக்கும்முன் கழற்றிவிடுங்கள்.

சொறி என்று கடற்கரையில் சொல்லும் ஜெல்லிமீன் பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நஞ்சு இன்னும் இறங்கும். கடல் நீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பிள்ளை நீரை விழுங்கி ஒருமுறை வாந்தி எடுத்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நீரில் மூழ்கித் திணறிய பிள்ளைக்கு அடுத்த சில மணி நேரத்தில் ஓயாத இருமல், வேகமான மூச்சு, வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, காய்ச்சல் மருந்து, வெப்பமானி ஆகியவற்றைப் பையின் மேல்பகுதியில் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு, பலர் அறியாதது. பிள்ளைகள் மணலில் தோண்டும் குழி அவர்களுடைய முழங்காலுக்கு மேல் ஆழமாகக் கூடாது. ஈர மணல் உறுதியாக நிற்பதுபோல் தெரியும். காய்ந்தவுடன் பக்கங்கள் சரிந்து மூடிவிடும்.


வைகைக்கரையாள், மதுரை – நவம்பர் 19

மூவருக்கும் என் நன்றி. மாதத்தைப் பற்றி உச்சிப்புளி அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் கணவர் பிப்ரவரி கடைசி வாரத்துக்கு விடுப்பு கேட்டுவிட்டார். தனுஷ்கோடி பற்றிய எச்சரிக்கையை நாங்கள் இதற்குமுன் யாரிடமும் கேட்டதில்லை.

இன்னும் இரண்டு கவலைகள் இருக்கின்றன. என் மாமியார், கடற்காற்றும் உப்பு நீரும் குழந்தைக்குச் சளி பிடிக்கவைத்துவிடும் என்கிறார். நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். அவர் சொல்வதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மேலும், மகள் வைகையில் நீர் ஓடுவதைப் பார்த்தே என் தோளில் முகம் புதைத்துக்கொண்டவள். அவளைக் கடலுக்கு எப்படிப் பழக்குவது?


பாசிக்குடாப் பிள்ளை, வாழைச்சேனை – நவம்பர் 20

அன்பின் சகோதரிக்கு, நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் பாசிக்குடாவுக்கு அருகில் வசிக்கிறேன். உங்களைப் போல ஆழமில்லாத கடலைத் தேடும் குடும்பங்கள் எங்கள் குடாவுக்கு ஆண்டுதோறும் வருகிறார்கள். குதிரை லாடம்போல வளைந்த குடா அது. வெளியே பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் பிள்ளைகள் நெடுந்தூரம் நீருக்குள் நடக்கலாம். எங்களுக்கும் கச்சான் காலம்தான், அதாவது சித்திரை முதல் ஆவணி வரை, கடல் அடங்கியிருக்கும் காலம். கார்த்திகை, மார்கழி மழைக்காலம். ஆனால் கொழும்பில் இறங்கி அங்கிருந்து நாட்டின் குறுக்கே 300 கிலோமீட்டர் அளவு ஒன்றரை வயதுப் பிள்ளையோடு பயணம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் மகளுக்கு ஐந்து வயதானதும் வாருங்கள், அழைத்துப் போய்க் காட்டுகிறேன்.

நான் எழுத வந்தது பயத்தைப் பற்றி. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையோர ஊர்களில் பல வீடுகளில் பிள்ளைகளைக் கடலுக்கு விடவே இல்லை. என் தாயாரும் விடவில்லை. அப்போது நான் சிறுமி. கடலை விளையாட்டாகப் பார்த்துக்கொண்டிருந்த நான், வளர்ந்து திருமணமாகும் வரை அதன் பக்கம் போகவில்லை. என் மூத்த மகளுக்கு இரண்டு வயதானபோது, அவளுக்கும் அந்தப் பயத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்று முதன்முதலாகப் பாசிக்குடாவுக்கு அழைத்துப் போனேன். என் கால்கள் நடுங்கின. பிள்ளை என் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என் நடுக்கம்தான் அவளுக்குத் தொற்றுகிறது என்று எனக்கு அப்போது விளங்கியது.

அன்று எங்களோடு வந்த என் மாமியார் ஒரு வழி சொன்னார். முதல் நாள் நீருக்குப் போகவே வேண்டாம், நீர் வந்து தொடாத மணலில் உட்காருங்கள் என்றார். கையால் ஒரு சிறு குழி தோண்டினார், வாளியில் கடல் நீர் கொண்டுவந்து அதில் ஊற்றினார். பிள்ளை அதில் கையை விட்டாள், பிறகு காலை விட்டாள், பிறகு உட்கார்ந்தாள். மறுநாள் அதேபோன்ற குழியைக் கடலை நோக்கி இன்னும் நான்கு முழம் தள்ளித் தோண்டினோம். மூன்றாம் நாள் கடல் நீரே வந்து குழியை நிரப்பியது. பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்தாள். உங்கள் மகளுக்கும் நான்கு நாள் இருக்கிறது, அது போதும். தூக்கிக்கொண்டு போய் அலையில் நனைத்து, "பார், ஒன்றுமில்லை" என்று யாரும் சொல்ல வேண்டாம், தகப்பனாரும் உட்பட. அப்படிப் பழக்கிய பிள்ளைகள் அடுத்த முறை மணலிலேயே அழத் தொடங்கிவிடுவார்கள்.

உங்கள் மாமியாரின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. சளி உப்பு நீரால் வருவதில்லை, அது கிருமியால் வருவது. ஆனால் ஈர உடையோடு காற்றில் நிற்கும் சிறு பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும் என்பது உண்மை. உதடு நீலம் பாரிக்கும்முன், நடுக்கம் தொடங்கும்முன் வெளியே எடுத்து, துடைத்து, உலர்ந்த உடை போட்டுவிட வேண்டும். அந்தப் பொறுப்பை, துவாலையும் மாற்றுடையும் உள்ள பையோடு, மாமியாரிடமே கொடுத்துவிடுங்கள். எப்போது போதும் என்று அவர் சொல்கிறாரோ அப்போது பிள்ளை வெளியே வரட்டும். என் அனுபவத்தில் அவர்களுடைய கணக்கு பிழைப்பதில்லை. மாலையில் நுளம்பு (கொசு) வரும், அறைக்கு வலை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.


வடகடல், உச்சிப்புளி – நவம்பர் 20

வாழைச்சேனைச் சகோதரி சொன்ன குழி எங்கள் ஊரிலும் உண்டு. என் ஆத்தாவும் இப்படித்தான் எங்களைக் கடலுக்குப் பழக்கினார். கடலுக்கு அக்கரை இக்கரையாக இருந்துகொண்டு ஒரே வழியில் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம் என்பதைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒன்று சேர்க்கிறேன்: பிப்ரவரி கடைசியிலும் பிற்பகலில் வடகிழக்குக் காற்று கொஞ்சம் எழும்பி, நீர் சற்றுக் கலங்கக்கூடும். காலை ஆறரை முதல் ஒன்பது வரைதான் குழந்தைக்கு உரிய நேரம். மாலையை மணலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.


வைகைக்கரையாள், மதுரை – மார்ச் 2

போய்விட்டு வந்தோம். இதே நிலையில் இருக்கும் வேறு பெற்றோருக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

தரைத்தள அறை கிடைத்தது. குழாய்த் தண்ணீர் உப்பாகத்தான் இருந்தது. முன்பே கேட்டிருந்ததால் கேன் தண்ணீர் ஏற்பாடு செய்துகொண்டோம், மகளின் கடைசிக் குளியலுக்கும் அதிலிருந்து ஒரு வாளி ஒதுக்கினோம். கஞ்சி காய்ச்சவும் இட்லி அவிக்கவும் அடுக்களையில் இடம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் மட்டும் ஒதுங்கிய கடற்புல் மிகுதியாக இருந்து, நாங்கள் தோப்பைத் தாண்டி வேறு பக்கம் நடக்க வேண்டியிருந்தது. மற்றபடி காலை ஒன்பது வரை நீரில், பகல் முழுவதும் அறையில் தூக்கம், மாலை மணலில், அவ்வளவுதான் எங்கள் நான்கு நாளும். முதல் நாள் பகலில் எனக்கே கை பரபரத்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு எதையும் பார்க்காமல் இருக்கிறோமே என்று தோன்றியது. இரண்டாம் நாள் அது போய்விட்டது.

"இப்போது நான் பார்க்கிறேன்" என்ற சொல்லை மகன் பிடித்துக்கொண்டான். தங்கையின் அருகில் உட்காரும்போதெல்லாம் அவனும் அதைச் சொன்னான். அவனுடைய பார்வையை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்றாலும் அவன் சொன்னதைத் தடுக்கவும் இல்லை. பாலத்தின்மேல் ரயில் போனபோது அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திரும்பி வரும்போது கீழே நின்ற படகுகளை எண்ணிக்கொண்டே வந்தான்.

மகளுக்கு வாழைச்சேனை அக்கா சொன்னபடியே செய்தோம். முதல் நாள் குழியில் கையைக்கூட விடவில்லை, என் மடியிலேயே இருந்தாள். என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு போக எழுந்தார், மாமியார்தான் தடுத்தார். இரண்டாம் நாள் மாமியார் தம் காலைக் குழியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார், சற்று நேரத்தில் அவளும் வைத்தாள். கடைசி நாள் காலை நீர் ஏறிக்கொண்டிருந்தபோது, இருவரும் கரையோரத்தில் கணுக்கால் அளவு நீரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார். மதுரையில் அறுபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த தாம் கடலில் உட்காருவது இதுவே முதல் முறை என்று அப்போதுதான் சொன்னார். துவாலைப் பை என் கையில் இருந்தது. ஒன்பது மணி ஆனதும், "போதும், எழுந்திருங்கள்" என்று இருவரிடமும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.